வசனம் ஒருவருக்கு மட்டும்

“மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா பாட்டி?”

“போடுறேன்மா.”

செவிலியம் படிக்கும் மாணவியிடம் ‘இரத்த அழுத்தம் உள்ள ஒருவரிடம் பேசிக் காட்டு’ என்று சொன்னால், உரையாடல் பெரும்பாலும் இந்த இரண்டு வரிகளோடு முடிந்துவிடுகிறது. கேள்வியில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பதிலும் மரியாதையான பதில்தான். ஆனால் அந்தப் பாட்டி வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே மாத்திரை போடுபவராக இருந்தால், இந்தப் பேச்சில் அது வெளியே வராது. இரத்த அழுத்தம் வலியோ காய்ச்சலோ இல்லாமல் உள்ளுக்குள் வேலை செய்வது. மாத்திரை விட்டுப்போவதை யாரும் கவனிக்காமலே மாதங்கள் ஓடும். பிறகு ஒருநாள் வாய் கோணி, கை விழுந்து, பக்கவாதமாக மருத்துவமனைக்கு வரும்போதுதான் தெரியும்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தொழிற்கல்விப் பிரிவில் செவிலியம் கற்பிக்கிறேன். என் வகுப்பில் எல்லோரும் மாணவிகள். உடல் வெப்பநிலை பார்ப்பது, நாடி எண்ணுவது, இரத்த அழுத்தம் அளப்பது, கட்டுப் போடுவது, படுக்கை விரிப்பது எனக் கையால் செய்யும் வேலைகளைப் படிப்படியாகக் கற்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் செய்முறைப் பயிற்சி உண்டு. நோயாளியிடம் பேசுவதற்கு மட்டும் ‘அன்பாகவும் கனிவாகவும் பேச வேண்டும்’ என்ற ஒரு வரி இருக்கும். அதை மாணவிகள் தேர்வில் பிழையின்றி எழுதுவார்கள். பேசுவதும் கையால் செய்யும் வேலையைப் போலப் பழகிப் பழகித்தான் வரும் என்று மருத்துவக் கல்வியில் சிலர் கண்டுகொண்டு, அதற்கென ஒரு பயிற்சி முறையை உருவாக்கியிருக்கிறார்கள். அதைப் பள்ளி வகுப்பறையில் எப்படிப் பயன்படுத்துகிறேன் என்பதைப் பிற பாட ஆசிரியர்களோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நோயாளியாக நடிக்க வந்த பெண்

நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் உள்ள தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களுக்குக் கற்பித்துவந்தார். அதற்கு முன் அவர் பயிற்சியில் இருந்த காலத்தில் நடந்த ஒன்று அவரை யோசிக்க வைத்தது. மருத்துவர்களுக்கான ஒரு தேர்வுக்கு உண்மையான நோயாளி ஒருவரை வைத்திருந்தார்கள். தேர்வு எழுத வந்த ஒருவர் அவரிடம் முரட்டுத்தனமாக நடந்துகொண்டார். அதற்கு அந்த நோயாளி என்ன செய்தார் தெரியுமா? தன் அறிகுறிகளையே மாற்றிக் காட்டிவிட்டார்! பிறகு பாரோஸிடம் தானே அதைச் சொல்லியும் இருக்கிறார். நோயாளி நினைத்தால் அறிகுறியை மாற்றிக் காட்ட முடியும் என்றால், நோயில்லாத ஒருவருக்கும் அறிகுறிகளைக் காட்டப் பயிற்சி தரலாமே என்று பாரோஸுக்குத் தோன்றியது.

1963இல் ரோஸ் மெக்வில்லியம்ஸ் என்ற பெண்ணை அவர் தேர்ந்தெடுத்தார். ஓவியர்களுக்கு மாதிரியாக அமர்ந்து பழகியவர் அவர். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயால் கால்கள் செயலிழந்த ஒரு பெண்ணாக நடிக்க அவருக்குப் பயிற்சி தரப்பட்டது. மாணவர் ஒவ்வொருவரும் அவரைச் சோதித்துப் பேசிவிட்டுச் சென்றபின், அவர் எப்படி நடந்துகொண்டார் என்று ரோஸ் குறித்துவைப்பார். ‘ஹாலிவுட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் இப்படித்தான்’ என்கிற பாணியில் அன்று இதைக் கேலி செய்தவர்கள் உண்டு. இன்று பல நாடுகளின் மருத்துவ, செவிலியக் கல்லூரிகளில் இப்படிப் பயிற்சி பெற்ற பாவனை நோயாளிகள் இருக்கிறார்கள். 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் அறிமுகப்படுத்திய செய்முறைத் தேர்வு முறை, மாணவர்களை ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு மணியடித்து நகர்த்தி ஒவ்வொன்றிலும் ஒரு திறனைச் சோதிப்பது. அந்த மேசைகளிலும் பாவனை நோயாளிகள் அமர்ந்தார்கள்.

நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு மனப்பாங்கு, அறநெறி, தொடர்பாடல் ஆகியவற்றுக்கெனத் தனிப் பாடப்பகுதியை இந்திய மருத்துவக் குழுமம் 2018இல் வெளியிட்டது. 2019இல் சேர்ந்தவர்களிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. மருத்துவக் கல்லூரிகளில் இதை ‘ஏட்காம்’ என்பார்கள். மருத்துவம் படிக்கப் போகிறவருக்கு இது வேண்டும் என்றால், அவருக்கு முன்பே வார்டில் நோயாளியின் அருகில் நிற்கப் போகும் நம் மாணவிக்கும் வேண்டும்.

நார்வே நாட்டுப் பொம்மை உற்பத்தியாளர் ஆஸ்மண்ட் லேர்டால் 1960இல் உருவாக்கிய பொம்மையை வைத்துத்தான் நெஞ்சை அழுத்தி உயிர்மீட்கும் பயிற்சி உலகெங்கும் பரவியது. அது அருமையான கருவி. ஆனால் பொம்மைக்குக் கோபம் வராது, கூச்சம் வராது, பொய் சொல்லவும் தெரியாது. பேச்சுப் பயிற்சிக்கு இவை மூன்றும் உள்ள ஆள் வேண்டும்.

நாடகத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு

‘பாத்திரமேற்று நடித்தல்’ நமக்குப் புதிதில்லை. மொழிப்பாடத்திலும் சமூக அறிவியலிலும் அடிக்கடி செய்கிறோம். இருவருக்கும் வசனம் எழுதித் தருவோம், அல்லது அவர்களே எழுதிக்கொண்டு வருவார்கள். நோயாளி இருமுவார் (நம்மூரில் நோயாளியாக நடிக்கச் சொன்னால் எல்லோரும் முதலில் இருமத்தான் செய்கிறார்கள்). செவிலியர் ஆறுதல் சொல்வார். நோயாளி கைகூப்புவார். வகுப்பு கைதட்டும். இதில் பேச்சுத்தமிழும் மேடைக் கூச்சம் போவதும் நிச்சயம் வரும். ஆனால் எதிரில் இருப்பவர் என்ன சொல்லப்போகிறார் என்று தெரிந்திருக்கும்போது கேட்க வேண்டிய தேவை வராது. நான் கற்பிக்க விரும்புவதோ கேட்கும் திறன்.

பாவனைப் பயிற்சியில் வசனம் ஒருவருக்கு மட்டும்தான். அதுவும் முழு வசனமாக இருக்காது. நோயாளியாக இருப்பவருக்கு ஒரு வாழ்க்கை, ஒரு மறைபொருள், அதை எப்போது வெளியே விடலாம் என்ற விதி, இவ்வளவும் ஓர் அட்டையில் இருக்கும். மாணவிக்கு ஒரே ஒரு வரி: ‘இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் 62 வதுப் பெண். அழுத்தம் குறையவில்லை. பேசிப் பார்.’

நான் பயன்படுத்தும் அட்டைகளில் ஒன்றைச் சொல்கிறேன். பாட்டி பேருந்து நிலைய வாசலில் பூ விற்கிறார். அதிகாலை 5 மணிக்குக் கூடையோடு போய்விடுவார். 2 ஆண்டுகளாக மாத்திரை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார், ஆகையால் மாத்திரை கிடைக்காத குறை இல்லை. இரண்டு மாத்திரைகளில் ஒன்று சிறுநீரை அதிகம் போகச் செய்யும் வகை. பூக்கடை போடும் இடத்தில் கழிப்பறை கிடையாது. கட்டணக் கழிப்பறை பேருந்து நிலையத்தின் மறுகோடியில். கூடையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? அதனால் கடைக்குப் போகும் நாளில் அந்த மாத்திரையை எடுப்பதில்லை. இதைச் சொல்லக் கூச்சம்.

அடுத்து விதிகள். ‘ஒழுங்கா போடுறீங்களா’ என்று கேட்டால் ‘போடுறேன்மா’ என்று மட்டும் சொல்ல வேண்டும். ‘போடலைன்னா பக்கவாதம் வந்துடும்’ என்று பயமுறுத்தினால் தலையை ஆட்டிவிட்டுப் பேச்சை மாற்ற வேண்டும். ‘நேத்து காலைல எந்திரிச்சதுலேருந்து என்னென்ன பண்ணீங்க, மாத்திரை எப்போ போட்டீங்க’ என்று ஒரு நாளை எடுத்துக் கேட்டால், ‘நேத்து முகூர்த்த நாளும்மா, போடல’ என்று சொல்லலாம். அதன்பிறகு மாணவி அவசரப்படாமல் காத்திருந்தால், ‘கடையில உக்காந்துட்டு எந்திரிச்சு எந்திரிச்சு போக முடியுமா?’ என்று பாதி சொல்லலாம். குரலைத் தாழ்த்தியோ, பக்கத்தில் நிற்பவர்களைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லியோ கேட்டால் மட்டும் முழுவதும்.

பாட்டியாக யார் நடிப்பது என்பது முக்கியமான முடிவு. வகுப்புத் தோழி நடித்தால், சங்கடப்படும் தோழியைப் பார்த்து இரக்கப்பட்டு இரண்டாம் நிமிடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள். எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஓர் அம்மாவிடம் கேட்டேன். ஆர்வமாக ஒப்புக்கொண்டார். ஒரு மணி நேரம் பயிற்சி போதுமானதாக இருந்தது. அழக் கூடாது, தொலைக்காட்சித் தொடர் போல நெஞ்சைப் பிடிக்கக் கூடாது, ஒரே மாதிரிக் கேள்விக்கு எல்லா மாணவிகளுக்கும் ஒரே மாதிரிப் பதில் என்ற மூன்றையும் திரும்பத் திரும்பப் பழகினோம். மூன்றாவதுதான் இதைத் தேர்வாகவும் பயன்படுத்த முடிவதற்குக் காரணம். ஒருத்திக்கு இரக்கம் காட்டி இன்னொருத்திக்கு முறைத்தால் மதிப்பெண்ணுக்குப் பொருளில்லை.

ஐந்து நிமிடப் பேச்சு, கால் மணி நேரக் கலந்துரையாடல்

பாட்டியும் மாணவியும் பேசுவது 5 நிமிடம். அதைப் பற்றி நாங்கள் பேசுவது 15 நிமிடம். கற்றலில் பெரும்பங்கு இந்தப் பின்னுரையாடலில்தான் நடக்கிறது. நேரம் போதவில்லை என்றால் இன்னொரு மாணவியின் முறையை அடுத்த வாரத்துக்குத் தள்ளுவேனே தவிர, இதைக் குறைப்பதில்லை.

பேசும் வரிசை எப்போதும் ஒன்றே. பேசிய மாணவி முதலில்: எது நன்றாக வந்தது, எந்த இடத்தில் வழி தெரியாமல் நின்றேன். பிறகு நோயாளியாக இருந்தவர். பிறகு பார்த்துக்கொண்டிருந்தவர்கள். ஆசிரியர் கடைசியில். இங்கிலாந்தில் 1984இல் டேவிட் பெண்டில்டனும் உடன் பணியாற்றியவர்களும் மருத்துவர் பயிற்சிக்காக எழுதிய நூலிலிருந்து, கற்பவர் தானே தன் நல்ல அம்சத்தை முதலில் சொல்லும் வழக்கம் பரவியது. நம் வகுப்பறைக்கு அது மிகவும் தேவை. ஏனென்றால், ‘எப்படிச் செய்தாள்?’ என்று நாம் பொதுவாகக் கேட்ட அடுத்த நொடி, நான்கு கைகள் உயர்ந்து நான்கு குற்றங்களைச் சொல்லும்.

பார்வையாளர்களைச் சும்மா உட்கார வைப்பதில்லை. ஆளுக்கு ஒன்றைக் கவனிக்கத் தருகிறேன். ஒருத்தி மாணவியின் கண்களை மட்டும் பார்ப்பாள். ஒருத்தி ‘ஆம், இல்லை’ என்ற பதில் மட்டும் வரக்கூடிய கேள்விகளை எண்ணுவாள். ஒருத்தி நோயாளிக்குப் புரியாத ஆங்கிலச் சொற்களைக் குறிப்பாள். பிபி, சுகர் எல்லாம் பாட்டிக்கே தெரியும், அவை கணக்கில் இல்லை. ‘ஃபாலோஅப்’, ‘காம்ப்ளிகேஷன்’ போன்றவை கணக்கில் வரும். நாடி எண்ணுவதற்கான நொடிமுள் கடிகாரம் வைத்திருக்கும் மாணவிக்குத் தனி வேலை: பாட்டி பேசத் தொடங்கியதிலிருந்து முதல் குறுக்கீடு வரை எத்தனை நொடிகள்?

இந்த நொடிக் கணக்குக்கு ஒரு வரலாறு உண்டு. ஹோவர்ட் பெக்மன், ரிச்சர்ட் ஃபிராங்கல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 74 மருத்துவர்–நோயாளி சந்திப்புகளைப் பதிவுசெய்து ஆராய்ந்து 1984இல் வெளியிட்டார்கள். நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கிச் சராசரியாக 18 நொடிகளில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். தொடக்கத்தில் சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடித்தவர்கள் 17 பேர்தான். இதை மாணவிகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். தங்கள் எண்ணிக்கை 9 நொடி, 11 நொடி என்று வரும்போது சிரிப்பு நின்று, அடுத்த சுற்றில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதுவும் ஒரு வேடிக்கைதான். பாட்டி பேசி முடித்த பின்னும் மௌனம் நீளும். காத்திருப்பதற்கும் விறைத்துப்போய் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு மூன்றாம் நான்காம் சுற்றில்தான் பிடிபடுகிறது.

நோயாளியாக நடித்தவர் சொல்வதற்கு ஈடாக நான் சொல்லும் எதுவும் இல்லை. நன்றாகப் படிக்கும் மாணவி ஒருத்தி, கேட்க வேண்டிய கேள்விகளை எல்லாம் குறிப்பேட்டில் எழுதிவைத்து ஒன்றுவிடாமல் கேட்டாள். என் பட்டியல்படி முழு மதிப்பெண். பாட்டியாக இருந்த அம்மா சொன்னார்: “பொண்ணு நல்லாத்தான் கேட்டுச்சு. ஆனா நோட்டத்தான் பாத்துச்சு. நான் என்ன சொன்னாலும் அடுத்த கேள்விக்குப் போயிருச்சு. அப்புறம் நான் எதுக்குச் சொல்லணும்னு வந்துருச்சு.” அந்த மாணவி உடனே, “இன்னொரு தடவை பண்ணட்டுமா டீச்சர்?” என்று கேட்டாள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த ‘இன்னொரு தடவை’தான். முழுவதையும் திரும்பச் செய்யத் தேவையில்லை. ‘நேத்து முகூர்த்த நாளும்மா’ என்று பாட்டி சொன்ன இடத்துக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து தொடரலாம். அவள் குறிப்பேட்டை மூடி வைத்தாள். “முகூர்த்தம்னா வியாபாரம் ஜாஸ்தியா இருக்குமே பாட்டி?” என்றாள். பாட்டி ஒரு நிமிடத்தில் கழிப்பறை வரை வந்துவிட்டார். உண்மையான வார்டில் அந்த ஒரு நிமிடம் இரண்டாம் முறை கிடைக்காது. பயிற்சியில் எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

காரணம் தெரிந்தபின் மாணவி என்ன செய்ய வேண்டும் என்பதிலும் தெளிவு வேண்டும். ‘அப்போ ராத்திரி போட்டுக்கோங்க’ என்று சொல்ல அவளுக்கு அதிகாரம் இல்லை. “இதை சிஸ்டர்கிட்டயும் டாக்டர்கிட்டயும் நான் சொல்லலாமா பாட்டி? வேற வழி இருக்கான்னு அவங்க பாப்பாங்க” என்று அனுமதி கேட்பதோடு அவள் எல்லை முடிகிறது. பாட்டி ‘வேணாம்மா’ என்றால் என்ன செய்வது என்று ஒரு வகுப்பில் அரைமணி நேரம் வாதம் நடந்தது. செவிலிய அறநெறிப் பாடம் அன்றுதான் உண்மையில் தொடங்கியது என்பேன்.

‘எனக்குப் புரியுது’ என்ற சொல்லை இந்தப் பயிற்சியில் தடைசெய்திருக்கிறேன். பாவனைப் பயிற்சியைக் குறைசொல்பவர்கள், மாணவர்கள் பரிவைக் கற்காமல் பரிவாக நடிக்கக் கற்கிறார்கள் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. சரியான இடத்தில் தலையசைத்து ‘எனக்குப் புரியுது’ என்று சொன்னால் மதிப்பெண் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால், நம் பிள்ளைகள் அதையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். என்ன புரிந்தது என்பதைச் சொல்லட்டும்: “கூடைய விட்டுட்டுப் போக முடியாது, அதான் மாத்திரைய விடுறீங்க, சரியா?” புரியாதவரால் இந்த வாக்கியத்தைச் சொல்ல முடியாது.

இதன் மறுபக்கம் நோயாளிக்குப் புரிந்ததா என்று அறிவது. ‘புரிஞ்சுதா?’ என்றால் ‘புரிஞ்சுதும்மா’ என்றுதான் வரும். இதை ஆசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, ஒவ்வொரு பாடவேளையிலும் கேட்கும் பதில் அது. மருத்துவத்தில் திருப்பிச் சொல்லச் சொல்லும் முறை ஒன்று உண்டு. அதைத் தேர்வு போலக் கேட்காமல், பொறுப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டு கேட்க வேண்டும்: “நான் சரியா சொன்னேனான்னு தெரியல பாட்டி. வீட்டுல மருமக கேட்டா, எந்த மாத்திரை எப்போன்னு எப்படிச் சொல்வீங்க?”

‘வாயு’ என்று சொன்னவர்

பாடநூலில் நோய்க்குறிகள் நூல்தமிழில் இருக்கும். மக்கள் அப்படிச் சொல்வதில்லை. ‘மயக்கமா இருக்கு’ என்று ஒருவர் சொன்னால், தலை சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா, குமட்டுகிறதா, நினைவே தப்பியதா என்று நான்கும் இருக்கலாம். ‘கிறுகிறுன்னு வருது’, ‘படபடங்குது’, ‘மதமதன்னு இருக்கு’, ‘கை கால் ஓஞ்சு போச்சு’ என்று ஊருக்கு ஊர் சொற்கள் மாறும். மாணவிகளைத் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இத்தகைய சொற்களைச் சேகரித்து வரச் சொன்னேன். ஒரே வாரத்தில் ஒரு நோட்டு நிறைந்தது. தமிழாசிரியர் அதை வாங்கிப்போய் வட்டார வழக்குப் பாடத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார்.

இவற்றில் மிக ஆபத்தான சொல் ‘வாயு’. மாரடைப்பு வந்த பலர் முதலில் ‘வாயுப் பிடிப்பு’ என்றுதான் நினைக்கிறார்கள். சோடா குடிக்கிறார்கள், பூண்டு மெல்லுகிறார்கள், மணிக்கணக்கு போய்விடுகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலி பெரிதாக இல்லாமலே மாரடைப்பு வரவும் வாய்ப்புண்டு. எனவே இரண்டாவது அட்டை ஒரு லாரி ஓட்டுநர். 55 வயது, சர்க்கரை உண்டு. கால் புண்ணுக்காக வார்டில் சேர்ந்திருக்கிறார். ‘ஒண்ணுமில்ல பாப்பா, வாயுதான்’ என்று சிரித்துக்கொண்டே சொல்வார். எங்கே என்று கேட்டால் நெஞ்சின் நடுவே கையை விரித்து வைத்துக் காட்டுவார், வாயால் சொல்லமாட்டார். வேர்க்கிறதா என்று கேட்டால் ‘ஆமா, ஃபேன் ஓடலையா?’ என்பார். இடது கையை அவ்வப்போது தேய்த்துவிட்டுக்கொள்வார். அட்டையில் இருப்பது அவ்வளவே.

மாணவி இதைக் கண்டுகொள்வது பாதி. கண்டதை மேலே சொல்வது மறுபாதி. அங்குதான் 16 வயதுப் பெண்ணின் குரல் உள்ளே போய்விடுகிறது. சிஸ்டர் வேலையாக இருக்கிறார், திட்டிவிடுவாரோ என்று பயம். “சிஸ்டர், ஒருத்தருக்கு வாயுவாம்” என்று முணுமுணுத்தால், “சரி, அப்புறம் பாக்கலாம்” என்றுதான் பதில் வரும். சிஸ்டர்மேல் தவறில்லை, அவர் கேட்டது வாயுதான்.

அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பயன்பட்ட நான்கு படி அறிக்கை முறை ஒன்றை மருத்துவமனைகள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. ஆங்கில முதலெழுத்துகளால் ‘எஸ்பார்’ என்று அழைக்கப்படுகிறது. இப்போது நடப்பது, அதன் பின்னணி, நான் நினைப்பது, எனக்கு வேண்டியது என்ற வரிசை. எங்கள் வகுப்பில் அது இப்படி ஒலிக்கும்:

“சிஸ்டர், 7ஆம் படுக்கைக்காரருக்கு அரைமணி நேரமா நெஞ்சு நடுவுல பிடிக்குது, வேர்த்துக் கொட்டுது. வயசு 55, சுகர் இருக்கு, வாயுன்னு நினைச்சு சொல்லாம இருந்திருக்கார். எனக்கு இது வாயுவா தெரியல சிஸ்டர், நெஞ்சு சம்பந்தப்பட்டதா இருக்குமோன்னு தோணுது. நீங்க இப்பவே வந்து பாக்கணும்.”

முதல் இரண்டு வாக்கியங்கள் எல்லோருக்கும் எளிதில் வரும். மூன்றாவதும் நான்காவதும்தான் வராது. ‘எனக்குத் தோணுது’ என்று பெரியவர்களிடம் சொல்ல நம் பெண்பிள்ளைகளை நாம் பழக்கவில்லை. ‘நீங்க வரணும்’ என்பது அதைவிடக் கடினம். சிஸ்டராக நான் அமர்ந்து, பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே இருப்பேன். மாணவி சொல்லி முடிக்கும்வரை நிமிர மாட்டேன். முடித்தபின்னும், “டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார், அப்ப சொல்லு” என்று ஒருமுறை தட்டிக்கழிப்பேன். இரண்டாம் முறையும் சொல்ல வேண்டும், மரியாதை குறையாமல், குரல் குறையாமல். ஒரு மாணவி மூன்றாம் முறை, “அதுவரைக்கும் தாங்காது சிஸ்டர், இப்பவே வாங்க” என்று என் பேனாவைப் பிடித்துவிட்டாள். பேனாவைப் பிடிக்கக் கூடாதுதான். ஆனாலும் அந்த வகுப்பில் அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

சில எச்சரிக்கைகள்

நடிப்பு என்றாலும் உணர்வு உண்மையாகவே எழும். தந்தையை மாரடைப்பில் இழந்த பிள்ளை வகுப்பில் இருக்கலாம். எனவே என்ன சூழல் என்பதை முந்தைய நாளே சொல்லிவிடுகிறேன். விரும்பாதவர் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம், வேறு வேலை தருவேன். மாணவிகளின் சொந்த நோயோ, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒருவரின் நோயோ அட்டையில் வராது. மரணச் செய்தி சொல்வது போன்ற சூழல்களை மேல்நிலை வகுப்பில் நான் எடுப்பதே இல்லை, அவை கல்லூரிக்கு உரியவை. கைப்பேசியில் பதிவு செய்வதில்லை.

முடிந்ததும் நடித்தவர் பாத்திரத்திலிருந்து வெளியே வர வேண்டும். பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டு, தன் உண்மைப் பெயரைச் சொல்லி, இன்று இரவு என்ன சமையல் என்று சொல்வது எங்கள் வழக்கம். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். செய்து பார்த்தால் அறையின் இறுக்கம் எப்படித் தளர்கிறது என்று தெரியும். மதிப்பெண்ணைப் பொறுத்தவரை முதல் இரண்டு சுற்றுக்கு எதுவும் கிடையாது. அதற்குப் பிறகும், கேட்ட கேள்விகளின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் தருவதைவிட, நோயாளியாக இருந்தவரிடம் ‘உங்கள் வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் இந்தப் பெண் பார்த்துக்கொள்ளச் சம்மதிப்பீர்களா?’ என்று கேட்டு அதற்கு ஒரு பங்கு ஒதுக்குகிறேன்.

தொடக்க வகுப்பில்

இதைக் கேள்விப்பட்ட, அருகிலுள்ள தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர் முறையைத் தலைகீழாக்கிவிட்டார். அவருடைய 4ஆம் வகுப்பில் பிள்ளைகள்தான் நோயாளிகள், அவர் மருத்துவர். சிறு பிள்ளைகளுக்கு எல்லா உபாதையும் ‘வயித்து வலி’யாகவோ ‘தலைவலி’யாகவோ இருக்கும். மருத்துவரிடம் அம்மாவே பேசிவிடுவார். எங்கே, எப்போதிலிருந்து, என்ன செய்யும்போது அதிகமாகிறது என்று பிள்ளையே சொல்லப் பழகட்டும் என்பது அவர் எண்ணம். அட்டை பிள்ளையிடம் இருக்கும், மருத்துவருக்கு எதுவும் தெரியாது.

அப்படி ‘தலைவலி’ அட்டை வாங்கிய சிறுவனிடம் எப்போது வலிக்கும் என்று கேட்டபோது, “போர்டுல எழுதுனத உத்துப் பாக்கையில” என்றானாம். அட்டையில் அது இல்லை. ‘எழுதியிருப்பதைச் சொல்லு’ என்று திருத்தாமல், அவர் மேலும் நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார். பள்ளிக்கு மருத்துவக் குழு வரும் நாளுக்குக் காத்திருக்காமல் மறுநாளே பெற்றோரை அழைத்துப் பேசி, கண் பரிசோதனைக்கு அனுப்பிவைத்தார். இப்போது அவன் கண்ணாடி அணிந்து இரண்டாம் வரிசையில் அமர்கிறான்.

அவர் எழுதிய அட்டைகளில் ஒன்றை அவர் அனுமதியோடு தருகிறேன். அப்படியே பயன்படுத்தலாம்:

‘உனக்கு வயிறு வலிக்கிறது. தொப்புளுக்குக் கீழே. காலையில் பள்ளிக்கு வந்ததிலிருந்து. நீ காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை, சிறுநீர் கழிக்கவும் போகவில்லை. ஏன் என்று டாக்டர் கேட்டால் சொல்லலாம். கேட்காவிட்டால் சொல்லாதே. கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை.’